பிரிண்டர் போர்ட்டில் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி மறுபடி ஓட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஒரே கேள்விதான்: பின்னால் இருக்கும் பிரிண்டர் போர்ட்டில் ஏதோ ஒரு பெட்டியை மாட்டினால் சத்தம் வருமாமே, உண்மையா? உண்மைதான். ஆனால் எந்தப் பெட்டி, எந்த மெஷின், எந்த கேம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"பழைய பிசியில் சவுண்டே இல்லைங்கிறீங்க. உள்ளே ஸ்பீக்கர் இருக்கே, பீப் அடிக்குதே?"

இருக்கிறது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: மின்சாரம் உண்டு, இல்லை. 8253 என்ற டைமர் சிப் அதை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மாற்றி மாற்றித் தட்டும்போது ஒரு சுரம் கேட்கும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

மிக வேகமாகத் தட்டி அதிலேயே பேச்சுக் குரலைக் கொண்டுவந்த கேம்களும் உண்டு. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருக்கும்.

"ஒரு சவுண்ட் கார்டு வாங்கி உள்ளே போட்டால் முடிஞ்சது. எதுக்கு வெளியே மாட்டணும்?"

ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப் உங்களிடம் இருந்து, வேலை செய்யும் பழைய கார்டும் கிடைத்தால், அதைப் போடுங்கள். அதைவிட நல்ல வழி இல்லை.

பிரச்சினை லேப்டாப்பில்தான். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த பெரும்பாலான லேப்டாப்களில் சவுண்ட் சிப்பும் இல்லை, கார்டு போட ஸ்லாட்டும் இல்லை. ஆனால் பிரிண்டர் போர்ட் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக் மூடியைத் திறக்கும்போது கொக்கிகள் பொடிப்பொடியாக உடையும். வெளியே மாட்டுகிற பெட்டிக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம்.

"பிரிண்டருக்கான ஓட்டையிலிருந்து எப்படிங்க சத்தம் வரும்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பிரிண்டர் போர்ட்டில் 2-ஆம் பின் முதல் 9-ஆம் பின் வரை எட்டு டேட்டா கம்பிகள். புரோகிராம் ஓர் எண்ணை எழுதியதும் அந்த எண்ணின் எட்டு பிட்டும் இந்த எட்டுக் கம்பிகளில் மின்னழுத்தமாக வந்து நிற்கும். அடுத்த எண் வரும் வரை அப்படியே நிற்கும். இந்த 'நிற்கும்' என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. பிரிண்டர் நிதானமாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது.

எட்டு பிட் என்றால் 0 முதல் 255 வரை 256 எண்கள். அந்த எட்டுக் கம்பிகளையும் ரெசிஸ்டர்களால் (மின்தடைகள்) ஓர் ஏணி போலக் கோத்தால், 9-ஆம் பின் பாதிப் பங்கு தரும், 8-ஆம் பின் கால் பங்கு, 7-ஆம் பின் அரைக்கால் என்று இறங்கிக்கொண்டே போகும். எல்லாம் கூடி ஒரே கம்பியில் 256 படிகள் கொண்ட மின்னழுத்தம் கிடைக்கிறது. விநாடிக்கு 8,000 முறை சரியான எண்ணை எழுதினால் அந்தக் கம்பியில் ஓடுவது ஒலி அலை. அதை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் டெலிபோன் தரத்தில் குரல் கேட்கும்.

பெட்டிக்குள் சிப்பே கிடையாது, வெறும் ரெசிஸ்டர்தான். கஷ்டமெல்லாம் எண்ணைச் சரியான நேரத்தில் அனுப்புவதில் இருக்கிறது. கீழே வருகிற கேள்விகளில் பலவும் கடைசியில் இந்த 'நேரம்' என்ற விஷயத்தில்தான் வந்து முடியும்.

"என் மெஷினில் 25 பின் போர்ட் ரெண்டு இருக்கு. எதில் மாட்டணும்?"

கம்ப்யூட்டர் பக்கம் துளைகளாக இருப்பது பிரிண்டர் போர்ட். பின்கள் நீட்டிக்கொண்டு இருந்தால் அது சீரியல் போர்ட், அதில் 12 வோல்ட் வரை கூட்டலும் கழித்தலுமாக வரும். மாற்றி மாட்ட அடாப்டர் தேடாதீர்கள். பழைய மேக்கின்டாஷில் துளையோடு இருக்கும் 25 பின் போர்ட் ஸ்கசி, அதாவது ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை மாட்டுவது, அதிலும் மாட்டக்கூடாது. எதை மாட்டினாலும் மெஷினை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

"கோவாக்ஸ், டிஸ்னி, ஆட்லிப் எல்பிடி எல்லாம் ஒண்ணுதானே? பேர்தானே வேற?"

இல்லை. (எல்பிடி என்பது டாஸில் பிரிண்டர் போர்ட்டின் பெயர்.) இந்தக் குழப்பத்தில் தவறான பெட்டியை வாங்கியவர்கள் நிறைய. கோவாக்ஸ் ஸ்பீச் திங் என்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருந்த கோவாக்ஸ் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்தது. மேலே சொன்ன ரெசிஸ்டர் ஏணிதான் அது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதால் அந்தப் பெயரே இந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

டிஸ்னி சவுண்ட் சோர்ஸ் கொஞ்சம் புத்திசாலி. உள்ளே 16 எண்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு வரிசை உண்டு. அதிலிருந்து விநாடிக்கு சுமார் 7,000 என்ற மாறாத வேகத்தில் அதுவே எடுத்து ஒலிக்கும். வரிசை நிறைந்துவிட்டால் 10-ஆம் பின் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஸ்பீக்கர் பெட்டிக்கு 9 வோல்ட் பேட்டரி.

மூன்றாவது வகை வேறு குடும்பம். கனடாவின் ஆட்லிப் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த சவுண்ட் கார்டில் யமஹாவின் ஒய்எம்3812 சிப் இருந்தது. ஒரே நேரத்தில் 9 குரல்களை அதுவே உருவாக்கும். எந்தச் சுரம், எந்த மாதிரி ஓசை என்று உத்தரவு கொடுத்தால் போதும். அதே சிப்பைப் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும்படி நம் காலத்தில் செய்த பெட்டிதான் ஓபிஎல்2எல்பிடி. முதல் இரண்டும் பதிவு செய்த ஒலிக்கு, இது இசைக்கு. முதலில் உங்கள் கேமின் செட்டப் மெனுவைத் திறந்து எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் வாங்குங்கள்.

"கோவாக்ஸ் நானே செய்யலாமா? என்னென்ன வேணும்?"

தாராளமாக. 25 பின் ஆண் கனெக்டர் ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 7, 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் 9, ஒரு சின்ன போர்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை போனால் எல்லாம் கிடைக்கும். நான் 20 கிலோ வாங்குவதில்லை. ஒரே கட்டிலிருந்து 10 கிலோ ரெசிஸ்டர் 25 எடுத்து, 20 கிலோ வேண்டிய ஒன்பது இடத்திலும் இரண்டிரண்டாகத் தொடராகச் சேர்த்துவிடுவேன். ஒரே கட்டில் வந்தவை அளவில் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். ஏணிக்கு அந்த ஒற்றுமைதான் முக்கியம். 1 சதவீத ரகமாக வாங்குங்கள்.

10 கிலோ ரெசிஸ்டர் ஏழையும் ஒரே வரிசையாகச் சேர்த்தால் எட்டுச் சந்திப்புகள் வரும். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு டேட்டா பின்னிலிருந்து 20 கிலோ வழியாக இணைப்பு. வரிசையின் ஒரு முனையில் 2-ஆம் பின், மறு முனையில் 9-ஆம் பின். 2-ஆம் பின் முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒன்பதாவது 20 கிலோ. கிரவுண்ட் 18 முதல் 25 வரையுள்ள பின்கள். 9-ஆம் பின் முனையில்தான் ஒலி வெளியே வரும்.

அதை நேராக ஆம்ப்ளிஃபையரில் கொடுக்க வேண்டாம், அளவு மிக அதிகம். ஒரு 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எடுங்கள். ஏணியின் வெளிவாயிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 நானோ ஃபாரட் ஒன்று போட்டால், ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சீறல் அடங்கும்.

"செய்துட்டேன், சத்தமும் வருது. ஆனா மெல்லிய இடத்தில் மட்டும் கரகரன்னு மண் அரைக்கிற மாதிரி இருக்கு."

என் முதல் பெட்டியிலும் இதே கதைதான். பலத்த சத்தத்தில் தெரியவில்லை, குரல் தேய்ந்து மறையும் இடத்தில்தான் கரகரத்தது. மெல்லிய ஒலி என்றால் எண்கள் நடுவான 128-ஐச் சுற்றியே ஆடும். 127-இலிருந்து 128-க்குப் போகும்போது எட்டு பிட்டும் ஒரே சமயத்தில் தலைகீழாகும். ஏழு கம்பிகள் அணைந்து, 9-ஆம் பின் மட்டும் எழும். அந்தப் பின்னின் ரெசிஸ்டர் கொஞ்சம் பிசகினாலும் அந்தப் படி கோணலாகிவிடும்.

கண்டுபிடிக்க ஜிடபிள்யூ பேசிக் என்ற பழைய நிரல்மொழி போதும். பிரிண்டர் போர்ட்டின் வழக்கமான முகவரி ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 378, பேசிக்கில் அது 888. வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஏணியின் வெளிவாயில் வையுங்கள். அவுட் கட்டளையில் 888,127 கொடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 888,128. மீட்டர் 13 முதல் 20 மில்லிவோல்ட் வரை ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் 9-ஆம் பின் பக்கம் கோளாறு. எனக்கு இறங்கியது. 20 கிலோ என்று வாங்கிய ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தால் 21-ஐத் தாண்டியது. மாற்றினேன், போயே போய்விட்டது.

ரெசிஸ்டர் எல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால் போர்ட்டையே சந்தேகப்படுங்கள். பழைய போர்ட்களில் 'உண்டு' என்ற நிலை 5 வோல்ட்டுக்கு வராது, சுமார் மூன்றரை வோல்ட்டில் நிற்கும், அதுவும் எட்டுக் கம்பியிலும் ஒரே அளவாக இருக்காது. அப்படியானால் நடுவில் 74எச்சிடி541 பஃபர் (சிக்னலை வாங்கிச் சீரான அளவில் திருப்பித் தரும் சிப்) ஒன்றைப் போட்டு, அதற்கு வெளியிலிருந்து சுத்தமான 5 வோல்ட் கொடுங்கள். கடையில் 'எச்சி' கொடுப்பார்கள், 'எச்சிடி'தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 'எச்சி' ரகம் எதிர்பார்க்கும் அளவும் அந்த மூன்றரையை ஒட்டித்தான் இருப்பதால் அது தடுமாறும்.

"பாட்டு ஓடுறப்போ கேம் ஆமை மாதிரி நகருது. பெட்டியில் கோளாறா?"

பெட்டி மேல் தவறில்லை. விநாடிக்கு 8,000 எண் அனுப்ப வேண்டுமென்றால், ப்ராசஸர் விநாடிக்கு 8,000 முறை செய்கிற வேலையை நிறுத்திவிட்டு வந்து எண்ணை எழுதிப் போக வேண்டும். 4.77 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 596 துடிப்புகள். வந்து போகவே அதில் நல்ல பங்கு செலவாகிவிடும். மிச்சத்தில்தான் கேம் ஓட வேண்டும். 386 போன்ற பிந்தைய, வேகமான ப்ராசஸரில் அவ்வளவாகத் தெரியாது.

1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், நினைவகத்திலிருந்து ஒலியைக் கார்டுக்குக் கொண்டுபோகும் வேலையை டிஎம்ஏ என்ற தனி ஏற்பாடு பார்த்துக்கொண்டது. டிஸ்னி பெட்டியின் 16 இட வரிசையும் இதற்குத்தான். ஒருமுறை நிரப்பினால் 2.3 மில்லிவிநாடி தாங்கும், எனவே விநாடிக்கு 8,000 முறைக்குப் பதில் 450 முறை எட்டிப் பார்த்தால் போதும். 16 எண் வைக்க இடம் கொடுத்து இவ்வளவு பாரத்தை இறக்கிவைத்த அந்த யோசனை எனக்கு இன்றும் ஆச்சரியம்.

"வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் டிஸ்னி சவுண்ட் சோர்ஸ் இருக்கு. நான் செய்த கோவாக்ஸை மாட்டினா தேர்ந்தெடுக்கவே விடமாட்டேங்குது."

1992-இல் வந்த அந்த கேம் முதலில் போர்ட்டில் டிஸ்னி பெட்டி இருக்கிறதா என்று சோதிக்கும். எண்களை அனுப்பி, 'வரிசை நிறைந்தது' என்ற பதில் 10-ஆம் பின்னில் வருகிறதா என்று பார்க்கும். ரெசிஸ்டர் ஏணிக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் வராததால் பெட்டியே இல்லை என்று கேம் முடிவு செய்துவிடுகிறது.

டிஸ்னி பெட்டியே இருந்தாலும் அந்த கேமில் துப்பாக்கிச் சத்தமும் காவலாளிகளின் குரலும்தான் அதில் வரும். பின்னணி இசைக்கு ஆட்லிப் வேண்டும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க ஆசையென்றால், புதிய கம்ப்யூட்டரில் பழைய பிசியைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் டிஸ்னியும் கோவாக்ஸும் உண்டு.

"எனக்கு இசைதான் வேணும். ஓபிஎல்2எல்பிடி மாட்டினா எல்லா ஆட்லிப் கேமும் பாடுமா?"

எல்லாம் பாடாது. கேம் ஆட்லிப் கார்டைத் தேடும் முகவரி ஹெக்ஸ் 388. உங்கள் சிப் இருப்பதோ 378-இல். நடுவில் ஒருவர் நின்று 388-க்கு வருகிற கடிதத்தையெல்லாம் 378-க்குத் திருப்பிவிட வேண்டும். அந்த வேலையை ஆட்லிப்ட் என்ற டிரைவர் செய்கிறது. இஎம்எம்386 போன்ற மெமரி மேனேஜரின் துணையோடு, கேம் 388-இல் எழுதும் ஒவ்வொரு முறையும் ப்ராசஸரை இடைமறிக்கிறது. சிப்பிடமிருந்து திரும்பப் படிக்க வழியில்லாததால், 'கார்டு இருக்கிறாயா' என்று கேம் கேட்கும்போது பதில் சொல்வதும் டிரைவர்தான்.

இந்த இடைமறிப்பு 386-இலும் அதற்குப் பிந்தைய ப்ராசஸர்களிலும்தான் நடக்கும். கேம் சாதாரண டாஸ் முறையில் ஓடவும் வேண்டும். டூம் போல, டாஸ் எக்ஸ்டெண்டர் என்ற துணை நிரலோடு ப்ராசஸரின் வேறொரு இயக்க நிலையான பாதுகாப்பு முறைக்குத் தாவும் கேம்களை இந்த டிரைவரால் பிடிக்க முடியாது.

"என்னுடையது 286. அப்போ விட்டுட வேண்டியதுதானா?"

வேண்டாம். 286 என்பது 386-க்கு முந்தைய ப்ராசஸர், அதில் இடைமறிக்க முடியாது, ஆனால் கேமையே மாற்றலாம். சியரா நிறுவனத்தின் பல கேம்களில் சவுண்ட் டிரைவர் தனிக் கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு, பிரிண்டர் போர்ட்டுக்கு எழுதும் கோப்பை வைத்தால் முதல் ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசஸரிலும் பாடும். ஆர்வலர்கள் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். சவுண்ட் நிரல் கேமோடு கலந்து கிடந்தால், ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகத் திருத்தம் எழுத வேண்டும்.

"யுஎஸ்பி டு பிரிண்டர் கேபிள் இருக்கு. புது லேப்டாப்பில் அதை வைத்து ஓட்டலாமா?"

முடியாது. அந்தக் கேபிள் பிரிண்டரிடம் மட்டுமே பேசும். அதற்கு 378 என்ற முகவரியே கிடையாது.

"பிசிஐ பேரலல் கார்டு போட்டேன். கேம் கண்டுக்கவே இல்லை."

பிசிஐ கார்டுக்கு முகவரியை பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) தன் இஷ்டத்துக்குக் கொடுக்கும், அது 378 ஆக இருப்பது அபூர்வம். பழைய புரோகிராம் 378, 278 என்று தெரிந்த இடங்களில் மட்டும்தான் தேடும். மதர்போர்டோடு வந்த பேரலல் போர்ட் (பிரிண்டர் போர்ட்டின் இன்னொரு பெயர்) இருந்தால் அதையே பயன்படுத்தி, பயாஸில் ஈசிபி, இபிபி என்ற வேக முறைகள் எதுவும் வேண்டாமென்று சாதாரண முறையில் வையுங்கள். டாஸில் நேராக ஏற்றி ஓட்டுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி போன்றவை புரோகிராமை நேராகப் போர்ட்டைத் தொட விடாது.

"பிரிண்டரையும் சேர்த்து மாட்டினா, பாட்டையெல்லாம் பேப்பரில் அடிச்சுத் தள்ளிடாதா?"

அடிக்காது. டேட்டா கம்பிகளில் எது வந்தாலும், 1-ஆம் பின்னில் 'இப்போது படி' என்ற ஸ்ட்ரோப் துடிப்பு வந்தால்தான் பிரிண்டர் படிக்கும். கோவாக்ஸுக்கு அந்தத் துடிப்பு தேவையில்லை, அதனால் யாரும் அனுப்புவதில்லை. அசல் ஸ்பீச் திங்கிலேயே பிரிண்டரை மாட்டிக்கொள்ளப் பின்னால் இடம் உண்டு. தலைகீழாகத்தான் நடக்கும்: நீங்கள் அச்சடித்தால் அந்த எழுத்தெல்லாம் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கும்.

"ஸ்டீரியோ வருமா?"

இரண்டு பிரிண்டர் போர்ட் இருந்தால் ஆளுக்கொரு ஏணி. ஒரே போர்ட்டில் செய்ய, கன்ட்ரோல் கம்பிகளைக் கொண்டு இடது வலது என்று மாறி மாறிப் பூட்டி வைக்கும் 'ஸ்டீரியோ ஆன் 1' என்ற அமைப்பும் உண்டு. கேம்களை விட, மாட் என்ற இசைக் கோப்புகளை ஓட்டும் பிளேயர்களில்தான் இதற்கு வேலை.

"ஆம்ஸ்ட்ராட் சிபிசியில் இதையே மாட்டலாமா? கமடோர் 64?"

இரண்டும் 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள். சிபிசியின் பிரிண்டர் போர்ட்டில் டேட்டா கம்பி ஏழுதான், எட்டாவது கிடையாது. அப்படியே மாட்டினால் ஒலி சிதைந்துவிடும், அதற்கேற்ற ஏணி வேண்டும். கமடோர் 64-இல் யூசர் போர்ட்டில் எட்டுக் கம்பியும் கிடைக்கும், தத்துவம் அதேதான், ஆனால் கனெக்டரும் புரோகிராமும் வேறு.

"பிரிண்டர் போர்ட் உடைஞ்சு போச்சு. சீரியல் போர்ட்டில் மிடி கீபோர்டை மாட்டி இசை எடுக்கலாமா?"

எடுக்கலாம், ஆனால் வெறும் கேபிள் போதாது. மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் முறை, அதன் வேகம் விநாடிக்கு 31,250 பிட். பிசி சீரியல் போர்ட்டின் உச்ச வேகம் 115,200. அதை முழு எண்ணால் வகுத்துத்தான் மற்ற வேகங்கள் வரும். மூன்றால் வகுத்தால் 38,400, நான்கால் வகுத்தால் 28,800. இரண்டுக்கும் நடுவே இருக்கும் 31,250 ஒருநாளும் வராது.

அதனால் 38,400-இல் அனுப்பி, நடுவில் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை வைத்து 31,250-க்கு மாற்றுவார்கள். ரோலண்ட் எஸ்சி-55 மார்க் 2 போன்ற சில கருவிகளில் கம்ப்யூட்டரை நேராக மாட்டும் வாயே உண்டு, அது 38,400-ஐ ஏற்றுக்கொள்ளும். கேமின் மிடியைச் சீரியல் பக்கம் திருப்ப சாஃப்ட்எம்பியு என்ற டிரைவர் இருக்கிறது. அதுவும் ஆட்லிப்ட் போல இடைமறித்துத்தான் வேலை செய்கிறது, ஆகவே 386, டூம் பற்றி மேலே சொன்ன கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும்.